பொம்மைக் காமிரா

சென்ற மார்கழியில் புகைப்பட அன்பர்கள் சிலர் கூடிய கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். தலைமை தாங்க ஆள் அகப்படாத இடத்துக்கெல்லாம் எழுத்தாளனைக் கூப்பிடுவது நம் நாட்டு வழக்கம். நானும் போனேன். ஜிப்பாப் பையில் கிடந்த என் சிறிய காமிராவை எடுத்து மேஜைமேல் வைத்ததுதான் தாமதம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்பர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு வாங்கினீங்களா சார்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. ஒரு மாதம் ஆறப்போட்டேன், ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொம்மையை வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவிடுகிறேன். அதன் பெயர் ஒலிம்பஸ் டி.ஜி.-6. 2019-ல் வெளிவந்தது. கால் கிலோ எடை. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீருக்குள் கொண்டு போகலாம். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது என்னைவிட நெட்டையான மனிதன் கையிலிருந்து, கீழே விழுந்தாலும் தாங்கும். 100 கிலோ பாரம் ஏறினாலும் நசுங்காது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரிலும் வேலை செய்யும். இதெல்லாம் செய்தவர்கள் சொல்லும் கணக்கு. இந்த ஜாதிக் காமிராவை நான் முரட்டுக் காமிரா என்று சொல்கிறேன்.

அன்பரின் மேஜைமேல் இருந்தது நிக்கான் டி850. 2017-ல் வந்த பெரிய டி.எஸ்.எல்.ஆர். பாட்டரியும் கார்டும் போட்டால் உடம்பு மட்டும் 1005 கிராம். அதற்கென்று அவர் மாட்டியிருந்த 24-70 லென்ஸ் 1070 கிராம். ஆக இரண்டு கிலோவுக்கு மேல். பை, பட்டை, துடைக்கும் துணி எல்லாம் தனி.

இவை இரண்டில் எது நல்ல படம் எடுக்கும் என்று கேட்டால், யோசிக்காமல் பெரியதுதான் என்று சொல்வேன். இதில் எனக்கு வறட்டுக் கௌரவம் கிடையாது. சென்ஸார் என்பது, சினிமாப் படத்தைக் கத்தரிக்கும் சென்ஸார் இல்லை, ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லு. பெரிய காமிராவில் அது ஏறக்குறைய 36 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். என் காமிராவில் 6 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு 4 மில்லிமீட்டர் சொச்சம். சுண்டு விரல் நகத்தில் வைத்துவிடலாம். பரப்பைக் கணக்கிட்டால் ஒன்றுக்கு முப்பது. அகலமான அண்டாவில் விழும் மழையும் உத்தரணியில் விழும் மழையும் ஒன்றாகுமா? இரவில், டியூப் லைட் வெளிச்சத்தில், தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவரை என் காமிராவால் எடுத்தேன். கிரீடம் இருந்த இடத்தில் கேழ்வரகுக் கூழ் இருந்தது. வேடந்தாங்கலில் கரையில் நின்றுகொண்டு மரத்தின் மேலிருக்கும் நாரையை எடுத்தால், நாரையா, கிளையில் மாட்டிய காகிதமா என்று சாட்சி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பறவையைத் தேடிப் போகிறவனுக்கும், கல்யாண வீட்டில் நின்று பிழைப்பு நடத்துகிறவருக்கும் பெரிய காமிரா வேண்டும். அவர்களோடு எனக்கு வழக்கே இல்லை.

என் வழக்கு, காமிராவின் எடையை வைத்து மனிதனை எடைபோடுகிறவர்களோடு. ஜாதி ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசிவிட்டு வந்து, காமிராவில் ஒரு வருணாசிரமம் கட்டி வைத்திருக்கிறார்களே, அவர்களோடு.

நானும் அந்த மேல்ஜாதியில் சில வருஷம் இருந்தவன்தான். தவணை கட்டி ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. பழுது கம்பெனியில் இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2015, டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. அப்போது நான் சென்னை ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குச் சமீபத்தில், ஒரு கீழ்வீட்டில் குடியிருந்தேன். பகல் முழுக்க மழை. செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. ராத்திரி வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் முழங்காலுக்கு வந்து, இடுப்புக்கு வந்தது. மின்சாரம் போய்விட்டது. எதிர்ச்சாரியில் ஒரு மாடி வீடு. அங்கே போனால் பிழைக்கலாம். நான் எதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன் தெரியுமா? காமிராப் பையை. அதைத் தலைமேல் வைத்து, நனையாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கினேன்.

மூன்றாவது வீட்டுப் படியில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தாள். தினமும் எனக்கு, "சாப்பிட்டியா?" என்று குரல் கொடுக்கிற பாட்டிதான். "தம்பி, ஒரு கையைக் குடுப்பா, எறங்கிக்கிறேன்" என்றாள்.

என் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ! பத்து விநாடி இருக்கலாம். பையை எங்கே வைப்பது என்று யோசித்தேன். அதற்குள் பின்னால் வந்த பையன், எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவன், ஒரு கையால் பாட்டியைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுடைய மறு கையிலும் ஒரு பொருள் இருந்தது. ரேஷன் கார்டு வைத்த பிளாஸ்டிக் பை.

பாட்டி பிழைத்தாள். காமிராவும் பிழைத்தது. அன்று இரவு நான் ஒரு படமும் எடுக்கவில்லை; அந்த மழையில் எடுக்கவும் முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு ஒரு நாள் பாட்டி என்னைப் பார்த்து, "ஒம் பெட்டிக்கு ஒண்ணும் ஆவலியே தம்பி?" என்று விசாரித்தாள். கேலி பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

"உன் கோழைத்தனத்துக்குக் காமிராவின்மேல் ஏன் பழி போடுகிறாய்?" என்று அன்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குற்றம் என்னுடையதுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். பொருளுக்குத் தக்கபடி மனிதன் பழகிப் போகிறான். தவணை தீராத பொருளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவன், தூறல் விழுந்தால் தாழ்வாரம் தேடுகிறான். கடற்கரையில் மணலைக் கண்டு பயப்படுகிறான். கூட்டத்தில் குழந்தை ஓடி வந்தால், குழந்தைக்கு அடிபடுமோ என்று நினைப்பதற்குமுன் லென்ஸுக்கு அடிபடுமோ என்று பார்க்கிறான். இப்படி ஆயிரம் தடவை பழகியதைத்தான் அந்தப் பத்து விநாடியில் நான் செய்தேன். காமிரா எனக்கு ஊழியம் செய்வதை விட்டு, நான் காமிராவுக்கு ஊழியம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஊழியத்துக்குக் கூலி என்ன கிடைத்தது தெரியுமா? இரண்டு மழைக்காலம் கழித்து அலமாரியைத் திறந்து பார்த்தேன். வெள்ளத்திலிருந்து தலைமேல் தூக்கி வந்த லென்ஸின் உள்ளே, சிலந்தி வலை பின்னியதுபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் காவல் இருந்தன. சென்னைக் காற்றின் ஈரம் பொட்டலத்துக்குப் பயப்படவில்லை. வெளியே எடுத்து வேலை வாங்கியிருந்தால் ஒருவேளை அந்தக் கதி வந்திராது.

அதற்குப் பிறகுதான் முரட்டுக் காமிரா வாங்கினேன். அதன் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் கை காலியாக இருக்கிறது. சேறு பட்டால் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம். மழையில், மெரினா அலையில், கிணற்றில் குதிக்கிற பையன்களோடு, நாற்று நடுகிற சேற்று வயலில் எல்லாம் என்னோடு வந்திருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் எறும்பை நிறுத்திப் படம் எடுக்கும். கோலமாவு அரிசிப் பொடியைச் சுமக்கும் எறும்பின் கால் மயிரைப் பார்த்திருக்கிறேன். பெரிய காமிராவில் இதற்குத் தனி லென்ஸ் வாங்க வேண்டும். பெரிய காமிராவின் உடம்பும் தூறலைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, மாட்டிய லென்ஸும் அப்படிப்பட்டதாக இருந்தால். தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டுமானால் அதற்குத் தனிக் கூடு உண்டு. நல்ல கூட்டின் விலைக்கு முரட்டுக் காமிராக்கள் சில வாங்கிவிடலாம்.

"படம் பெரிதாக்கினால் உடைந்து போகுமே?" என்பார்கள். எவ்வளவு பெரிதாக்க? என் காமிரா 12 மெகாபிக்ஸல். 4000-க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 13 அங்குலத்துக்கு 10 அங்குலம். இந்தக் கட்டுரை வருகிற பத்திரிகைப் பக்கம் அதைவிடச் சிறியது. அன்பரின் 45.7 மெகாபிக்ஸல் படங்களில் முக்கால்வாசி எங்கே இருக்கின்றன? வாட்ஸப்பில், கட்டை விரல் அகலத்தில்.

போனே போதாதா என்றும் கேட்கிறார்கள். இப்போதைய போன்கள் பலவும் நனைந்தால் தாங்கும் என்பது மெய். ஆனால் கண்ணாடிமேல் தண்ணீர் நிற்கும்போது விரல் சொன்னதை அது கேட்பதில்லை. இருட்டில், மழையில், ஈரக் கைக்கு அழுத்த ஒரு பொத்தான் வேண்டும்.

பெரிய காமிராவைக் கும்பிடுகிறவர்களுக்கு ஒரு பழைய சமாசாரத்தை ஞாபகப்படுத்துகிறேன். 'புல் பிரேம்' என்று பக்தியோடு உச்சரிக்கிறீர்களே, அந்த 24-க்கு 36 எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னக் என்று ஒரு தொழில் நிபுணர் இருந்தார். ஆஸ்த்மாக்காரர். கனத்த தட்டுக் காமிராவைச் சுமந்துகொண்டு மலையேற அவருக்கு மூச்சு இல்லை. சினிமா பிலிமைப் போட்டு, அதில் இரண்டு சினிமாச் சட்டம் அளவுக்கு ஒரு படம் விழும்படி ஒரு சின்னக் காமிரா செய்தார். அந்தச் சட்டம்தான் 24-க்கு 36. 1925-ல் லைப்ஸிக் சந்தையில் லைக்கா என்ற பெயரில் அது வெளிவந்தது. பெரிய கண்ணாடித் தட்டுகளில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சட்டம் தபால்தலைபோல இருந்திருக்கும். 1948-ல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தில் பிரெஞ்சுக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸான் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எடுத்தது லைக்காவில்தான். அன்றைக்குச் சிறியது, இன்றைக்குச் சிம்மாசனத்தில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு அடுத்த சிறியதைப் பார்த்துச் சிரிக்கிறது.

அந்தச் சிம்மாசனமும் ஆட்டம் கண்டுவிட்டது. கேனன் 2020-ல் வெளியிட்ட இ.ஓ.எஸ்.-1டி எக்ஸ் மார்க் 3-தான் அந்த ராஜ வரிசையில் கடைசி டி.எஸ்.எல்.ஆர். நிக்கானும் கண்ணாடி இல்லாத காமிராவுக்கு மாறிவிட்டது. கருவி வரும், போகும். அதைக் குலதெய்வமாக்கிக் கொண்டவன்தான் ஏமாந்து நிற்கிறான்.

என் தரப்பு என்பதற்காக முரட்டுக் காமிராவைச் செய்கிறவர்களை நான் விட்டுவிடப் போவதில்லை. 2017-ல் டி.ஜி.-5, 2019-ல் டி.ஜி.-6, தொழில் கைமாறிய பிறகு 2023-ல் டி.ஜி.-7, மூன்றிலும் அதே நகக்கண் சென்ஸார், அதே 12 மெகாபிக்ஸல். மழையில் வேலை செய்கிறவனுக்கு இருட்டில் வேலை இருக்காது என்று நினைத்துவிட்டார்களா? தண்ணீர் புகாது என்ற வாக்கும் கதவோரத்து ரப்பர் சுத்தமாக இருக்கிற வரைக்கும்தான். ஒரு மணல் துணுக்கு, ஒரு தலைமயிர் சிக்கினால் போதும், கதை முடிந்தது. கடலில் முக்கினால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை ரப்பரை மாற்றச் சொல்கிறார்கள். இதற்கும் பராமரிப்பு உண்டு. ஆனால் அதை வீட்டுக்கு வந்து செய்யலாம். வெளியே இருக்கும்போது காமிராவை மறந்துவிட்டு எதிரே நடப்பதைப் பார்க்கலாம்.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். உலகம் நல்ல வெளிச்சத்தில், காய்ந்த தரையில் மட்டும் நடப்பதில்லை. அது பெரும்பாலும் நனைந்துகொண்டும், சேற்றில் வழுக்கிக்கொண்டும் நடக்கிறது. எதிரே நின்று கை கேட்கிறது. அங்கே போகாத காமிராவின் கூர்மையைப் பற்றி நாம் எவ்வளவு நேரம் பேசினாலும், அந்த இடத்தின் படம் ஒன்றுகூட நம்மிடம் இராது.

குழந்தைக்கு வாங்கினீர்களா என்று கேட்ட அன்பருக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். குழந்தைக்கு இல்லை ஐயா, எனக்குத்தான் வாங்கினேன். ஒரு கை காலியாக இருக்கட்டும் என்று வாங்கினேன்.