மறதி குற்றமன்று



சென்ற மாதம் ஒரு தாயிடமிருந்து நீண்ட கடிதமொன்று வந்தது. பதினான்கு வயதிலேயே திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழ் பட்டம் பெற்ற அவருடைய மகன், இப்பொழுது பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். முதலாண்டில் மூன்று பாடங்களில் தோற்றுவிட்டான். புத்தகத்தைத் திறந்தால் பக்கம் முடிவதற்குள் முதல் பத்தி மறந்துபோகிறதாம். கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியவற்றுள் பாதியை விட்டு வருகிறான். ஆண்டுதோறும் ரமழானில் தராவீஹ் தொழவைத்தவன், சென்ற ரமழானில் நான்காம் நாள் இரண்டு இடங்களில் தடுமாறினான். மறுநாள் முதல் பள்ளிவாசல் செல்லவே கூசி வீட்டில் அடைந்துகொண்டான்.

பாவம் செய்பவனுக்குத்தான் மனனம் மறக்கும் என்று வாப்பா சினக்கிறார். கண்ணேறு பட்டுவிட்டது என்கிறார் பெரியம்மா. நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட டானிக் மூன்று புட்டிகள் காலியாகியும் பயனில்லை. தம் மகனுக்கு என்னதான் நேர்ந்தது என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தத் தாய்.

இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. கல்லூரி செல்லும் பிள்ளைகளும், வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும், புதிதாய்த் திருமணமான பெண்களும் இதே குறையைச் சொல்லக் கேட்கிறோம். ஆகவே இம்மாதம் இதனை எல்லோருக்குமாகச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சிட்டாவும் பேரேடும்

வணிகம் செய்யும் குடும்பத்தார்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்றுண்டு. கடையில் பகலெல்லாம் நடக்கும் வரவு செலவைக் கணக்கர் முதலில் சிட்டாவில் குறித்துக்கொள்வார். இரவில் கடை அடைத்தபின் அதனைப் பேரேட்டில் பெயர்த்து எழுதுவார். பின்னொரு நாள் யாரேனும் கேட்டால், உரிய பக்கத்தைப் புரட்டி எடுத்துச் சொல்வார்.

நினைவும் ஏறத்தாழ இவ்வாறே நடக்கிறது. கண்டதையும் கேட்டதையும் குறித்துக்கொள்வது கவனம். அக்குறிப்புகளை நிலையான நினைவாக மாற்றும் பணியில் பெரும்பகுதி நாம் உறங்கும்போது நடைபெறுகிறது. மூளையின் இரு பக்கங்களிலும் உட்புறமாக அமைந்துள்ள ‘ஹிப்போகேம்பஸ்’ என்னும் சிறு பகுதி இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. தேவைப்படும்போது தேடி எடுப்பது மூன்றாவது வேலை.

இளம் வயதில் பேரேடே கிழிந்துபோவது மிக மிக அரிது. முதியோர்க்கு வரும் மறதி நோய் இருபது வயதில் வந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் சிட்டாவில் எழுதப்படவே இல்லை. அல்லது எழுதியதைப் பெயர்த்தெழுத இரவு கிடைக்கவில்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்கிறோம். உண்மையில் பல வேளைகளில் அச்செய்தி அவன் உள்ளே சென்று சேரவேயில்லை.

உறங்காத இரவுகள்

பதினெட்டு வயது கடந்த இளைஞருக்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டும். நம் வீடுகளில் நடப்பதென்ன? இரவு ஒரு மணி வரை கைப்பேசி. விடிவதற்குள் எழுந்து சுப்ஹுத் தொழுகை. காலை ஏழு மணிக்குக் கல்லூரிப் பேருந்து. ரமழானிலோ தராவீஹ் முடிந்தது முதல் சஹர் வரை நண்பர்களுடன் விழித்திருப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்னும் இரு ஆய்வாளர்கள் செய்த சோதனையொன்று ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது கலந்தவர்களின் திறனளவுக்குத் தாழ்ந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தபோது அது 100 மில்லி கிராம் அளவுக்கு இணையாயிற்று. நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லி கிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது! மதுவை ஹராம் என்று நூறு அடி தள்ளி நிற்கும் நாம், அதற்கு ஒப்பான நிலையில் நம் பிள்ளையைத் தேர்வு அறைக்கு அனுப்புகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

இஷாத் தொழுகைக்குப் பின் வீண் பேச்சில் பொழுதைக் கழிப்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நாமெல்லாம் அறிந்த செய்தி. இன்று அந்த வீண் பேச்சு தலையணையின் கீழேயே படுத்திருக்கிறது. இரவில் வீட்டார் அனைவரது கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். வாப்பாவின் கைப்பேசியும் அங்கே இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

பகலிலும் இப்படியே. படிக்கும்போது ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை திரையைப் பார்ப்பவன் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறான். ஒவ்வொரு தாவலிலும் விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்கக் காலமும் கவனமும் செலவாகின்றன. அரை மணி நேரம் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படிப்பது, அதனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படிப்பதைக் காட்டிலும் மேலானது.

இரத்தக் குறைவும் சுரப்பிக் கோளாறும்

உறக்கம் சரியாக இருந்தும் மறதியும் சோர்வும் நீடித்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது. ஆண்களில் 100க்கு 25 பேருக்கு. அதற்குப் பெரிதும் காரணமான இரும்புச் சத்துக் குறைவு களைப்பை மட்டுமல்லாமல் கவனக் குறைவையும் உண்டாக்கும். “எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள், சொன்னது எதுவும் தலையில் ஏறுவதில்லை” என்று ஏச்சு வாங்கும் மகளுக்கும் மருமகளுக்கும் முதலில் தேவைப்படுவது ஏச்சன்று, ஹீமோகுளோபின் பரிசோதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அதனைச் செய்துகொள்ளலாம்.

ஆட்டு ஈரல், இறைச்சி, முருங்கைக் கீரை, பயறு வகைகள் நல்லவை. உணவோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும். பிரியாணிக்குப் பின் உடனே தேநீர் என்னும் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் மறதி, மந்தம், உடல் பருத்தல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியன தோன்றும். வைட்டமின் பி12 குறைந்தாலும் நினைவு தடுமாறும். கை கால்கள் மரத்துப்போகும். இவ்விரண்டையும் எளிய இரத்தப் பரிசோதனையில் கண்டறிந்து மருந்தால் சரிசெய்ய இயலும். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் மூளையை மந்தப்படுத்தும் என்பதையும் நினைவில் கொள்க. கஞ்சாவும் போதை மாத்திரைகளும் நினைவைக் கெடுப்பவை. ஐயம் எழுந்தால் காவலரைப் போல விசாரிக்காமல், பெற்றவராய் அமர்ந்து கேளுங்கள்.

டானிக் வாங்குமுன் ஒரு செய்தி: மூளைத் திறனையும் நினைவாற்றலையும் பெருக்குவதாக எந்த மருந்தும் கூறிக்கொள்ளக் கூடாது என்று இந்திய மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தடுத்துள்ளது. அந்தப் பணத்தில் இரத்தப் பரிசோதனை செய்துவிடலாம்.

மனம் வாடும்போது

மிகுதியும் மறைக்கப்படும் காரணம் இதுவே. மனச்சோர்வு நோயின் அடையாளங்களுள் கவனம் குவியாமையும் ஒன்றென்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. இரண்டு வாரங்களுக்கு மேலாக முகம் வாடி, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்றி, பசியும் உறக்கமும் மாறி, எதற்கும் தகுதியற்றவன் என்று தன்னையே நொந்துகொள்ளும் பிள்ளை “எனக்கு எல்லாம் மறந்துபோகிறது” என்று சொன்னால், அந்த மறதியின் பின்னே துயரம் ஒளிந்திருக்கக் கூடும். இடைவிடாத அச்சமும் பதற்றமும் இவ்வாறே கவனத்தைத் தின்றுவிடும்.

வெளியே தெரிந்தால் வரன் அமையாது என்று பெண்ணின் மனநோயை மூடி வைக்கும் வீடுகள் உண்டு. மூடி வைத்தது நிக்காஹ் முடிந்தபின் புகுந்த வீட்டில் வெடிக்கிறது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் இல்லாத வெட்கம் இதில் மட்டும் ஏன்? மருத்துவம் செய்துகொள்வது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழியன்றோ! மத்திய அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சிறு வயது முதலே, பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே, ஓரிடத்தில் அமர இயலாமலும் கவனம் நிற்காமலும் இருந்த பிள்ளைக்கு வேறு வகைக் கவனக் குறைபாடு இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. தலையில் அடிபட்ட பின் வந்த மறதி, வலிப்பு, பேசிக்கொண்டிருக்கையில் திடீரென்று விழித்தபடி உணர்வற்றுப் போதல், பழகிய தெருவில் வழி தவறுதல், உயிர் வாழப் பிடிக்கவில்லை என்னும் பேச்சு ஆகியவற்றில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

ஹாபிழ்கள் அறிந்த வழி

உடலும் மனமும் நலமாயிருப்பவருக்கும் மறதி உண்டு. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறுநாள் திரும்பக் கற்கும்போது, முதல் நாள் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவருக்கு மிச்சமாயிற்று. ஒரே மூச்சில் கற்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பக் கற்பது நிலைக்கும் என்பதையும் அவர் கண்டார்.

நம் ஹிஃப்ழ் மத்ரஸாக்களில் நடப்பது இதுதானே! அன்றைய புதிய ஸபக், அண்மையில் முடித்த பகுதி, முன்பே முடித்த ஜுஸ்உகள் என மூன்றையும் மாணவர் நாள்தோறும் ஓதுகிறார். அதுவும் முஸ்ஹஃபை மூடிவிட்டு, உஸ்தாதின் முன் அமர்ந்து பாராமல் ஒப்பிக்கிறார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவரிடம் செய்த சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரத்திற்குப் பின் 100க்கு 40 பங்கையே நினைவுகூர்ந்தனர். ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் மூன்று முறை நினைவுகூர்ந்து பார்த்தவர்கள் 61 பங்கை நினைவுகூர்ந்தனர். மத்ரஸாவில் இவ்வாறு ஓதிய பிள்ளை, கல்லூரிப் பாடத்தை மட்டும் தேர்வுக்கு முந்திய இரவில் ஒரே மூச்சாய்ப் படிக்கலாமா?

குர்ஆனை மனனம் செய்தவரைக் கயிற்றால் கட்டிய ஒட்டகத்தின் உரிமையாளருக்கு ஒப்பிடும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கவனித்துக்கொண்டால் ஒட்டகம் நிற்கும், விட்டுவிட்டால் போய்விடும். அங்கே மறதி மனித இயல்பாகவும், மீண்டும் மீண்டும் ஓதுவது அதற்கு மருந்தாகவும் காட்டப்பட்டிருக்கின்றன.

அந்தத் தாய்க்கும் தந்தைக்கும்

தம் மறதியைப் பற்றி ஆசிரியர் வகீஉ அவர்களிடம் முறையிட்டதாகவும், பாவங்களை விட்டொழிக்குமாறு அவர் அறிவுரை கூறியதாகவும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பெயரால் வழங்கும் கவிதையை அந்த வாப்பா கேட்டிருக்கக் கூடும். ஒரு மாமேதை தம்மைத் தாமே கணக்கெடுத்துக்கொண்ட பணிவு அது. பிறர் பிள்ளையையோ தம் பிள்ளையையோ அடிக்க எடுத்த பிரம்பன்று. நோயால் தளர்ந்த பிள்ளையைப் பாவி என்று அழைத்தால், அவன் நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமப்பான்.

சகோதரியே! முதலில் உங்கள் மகன் எத்தனை மணி நேரம் உறங்குகிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அடுத்து, பொது மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பரிசோதனைகளுக்குக் கேளுங்கள். அவன் பள்ளிவாசலுக்கே போகாமல் ஒதுங்கியிருப்பதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காதீர்கள். உடல் தேறியதும் நாளுக்குக் கால் ஜுஸ்உ போதும்; வாப்பா முஸ்ஹஃபைக் கையில் பிடித்துக்கொள்ளட்டும், மகன் பாராமல் ஓதட்டும். தவறும் இடத்தில் சினமின்றி எடுத்துக் கொடுக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகிகளும், தொழுகையில் தடுமாறிய இளம் ஹாபிழை மறுநாள் வீடு தேடிச் சென்று அழைத்து வருவார்களாக!

நம் மக்களுக்கு நலமான உடலையும், அமைதியான உள்ளத்தையும், பயனுள்ள கல்வியையும் வல்ல அல்லாஹ் வழங்கியருள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.