ட்ரிப்பர் மேல் என்ன குற்றம்?

"ட்ரிப்பர் சரியில்ல அண்ணாச்சி. தூக்கிட்டு டைரக்டா குடுத்துருவோம்." ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் டவுன், பேட்டை, பாளையங்கோட்டை என்று திருநெல்வேலியில் எந்தப் பக்கம் போனாலும் இந்தத் தீர்ப்பு காதில் விழும். அடிக்கடி விழுகிற ட்ரிப்பர் கெட்டுப்போன ட்ரிப்பர் என்பது இங்கே கேள்வியே கேட்கப்படாத நம்பிக்கை. வயர்மேன் சொல்வார், வீட்டுக்காரர் தலையாட்டுவார், கால் மணி நேரத்தில் வயரை நேராக இணைத்து வேலை முடிந்துவிடும். அன்று ராத்திரி யாரும் எழுந்துபோய் மெயின் போர்டைத் தட்டிவிட வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று யோசிப்பதே கிடையாது.

ஆர்.சி.சி.பி. என்றும், பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்லப்படும் இந்தக் கருவிக்கு ஒரே வேலைதான். பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்க்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்: ஈரச் சுவர் வழியாக, தண்ணீர்க் குழாய் வழியாக, அல்லது ஓர் ஆள் வழியாக. வீட்டுக்கானதில் எல்லை 30 மில்லி ஆம்பியர். 15-ஐத் தாண்டிய பிறகு எங்கே விழுந்தாலும் அது சரியாக வேலை செய்கிறது என்றே அர்த்தம். 30 மில்லி ஆம்பியர் என்பது 7 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் கரண்ட் அளவுதான். பத்தைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முப்பதுக்கு மேல் போய் நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

"அதான் எம்.சி.பி. இருக்கே?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த எர்த் குழி. கரியும் உப்பும் போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. மின்தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் இரும்பு உடம்பில் பேஸ் தொட்டால் ஓடும் கரண்ட், 230-ஐ 20-ஆல் வகுக்க, பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரண லோடு என்று எடுத்துக்கொண்டு சும்மா இருக்கும். கிரைண்டரோ ஏறக்குறைய முழு வோல்டேஜையும் உடம்பில் ஏந்திக்கொண்டு, மாவு அள்ள வரும் ஈரக் கைக்காக நிற்கும். ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் எம்.சி.பி. மனிதருக்கு அல்ல.

எப்போது விழுகிறது என்பதே பாதித் துப்பு. காலையில் கீசர் போட்டுச் சில நிமிஷத்தில் விழுந்தால் ஹீட்டரைப் பாருங்கள். போர்வெல் உப்புநீரில் காரை படிந்து உறை வெடித்திருக்கும். மோட்டார் போட்டதும் விழுந்தால் கிணற்றுக்குள் இறங்கும் கேபிளின் ஒட்டு. மழைக்கு மட்டும் விழுந்தால் கேட் விளக்கு, மொட்டைமாடி பாயின்ட், சுவருக்குள் தண்ணீர் இறங்கிய பைப். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள்ளும் மீனாட்சிபுரத்துக்குள்ளும் ஏறி வந்தது. அப்படி வெள்ளம் நின்ற வீட்டில் தரை காய்ந்துவிடும். புதைத்த பைப்புக்குள் நின்ற நீரும் துருப்பிடித்த பெட்டியும் அப்படியே இருக்கும். அதைச் சொல்கிற ட்ரிப்பரைத்தான் நாம் கழற்றச் சொல்கிறோம்.

ஆளைக் குழப்புவது நியூட்ரல்தான். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது நல்ல முறை. ஆனால் சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டும். எங்கோ ஒரு பெட்டிக்குள் நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், வேறு எந்த லோடைப் போட்டாலும் அதன் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியே நழுவும். ஃபேன் போட்டால் விழும், அயர்ன் பாக்ஸ் போட்டால் விழும். பழி அவற்றின் மேல் விழும், கடைசியில் ட்ரிப்பர் மேல் வந்து நிற்கும். இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாள் தொடங்கும் தொல்லையும் பெரும்பாலும் இந்த ஜாதிதான்: பேஸ் ஒரு பக்கம் போய், நியூட்ரல் ட்ரிப்பருக்கு வேறு பக்கத்தில் திரும்பியிருக்கும். இன்வெர்ட்டர் மாட்டியவரைக் கேட்டால் அவரும் ட்ரிப்பரைத்தான் கைகாட்டுவார்!

ட்ரிப்பரே கெடுவதில்லையா? கெடும். ஆனால் அதிலிருந்து வெளியே போகும் வயர்களைக் கழற்றிய பிறகும் நிற்காமல் விழுந்தால்தான் அந்த முடிவுக்கு வரலாம். கம்ப்யூட்டர், டிவி, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கசியவிட்டு, கூட்டினால் எல்லையைத் தொடும் வீடுகளும் உண்டு. அங்கே லைன்களைப் பிரித்து இரண்டு மூன்று ட்ரிப்பர் போட வேண்டும்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" என்பவர்களுக்கும் ஒன்று. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய காலத்தில், கரண்ட் வந்த வீட்டில் கூரையோரம் இரண்டு பல்பு இருந்திருக்கும். குளியலறைக்குள் கீசரும், ஈரத் தரையில் வாஷிங் மெஷினும் இல்லை. புது இணைப்புக்கு இந்தக் கருவி வேண்டும் என்று இன்று விதி இருக்கிறது. மீட்டர் மாட்டிய பிறகு அதை யாராவது கழற்றினால் கேட்க ஆளில்லை.

கழற்ற மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழி கடையில் கிடைக்கிறது: 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர். "இது விழாதுண்ணே." விழாதுதான். 300 என்பது மின்கசிவால் தீப்பிடிக்காமல் தடுப்பதற்கு. உங்கள் வழியாக 100 ஓடினாலும் அது அசையாது.

வயர்மேனை மட்டும் திட்டிப் பயனில்லை. பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறோம். கசிவைத் தேடும் இரண்டு மணி நேரத்துக்குப் பேசுவதில்லை. அவர் ஏன் தேட வேண்டும்? வயரின் கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்திருப்பவராகப் பார்த்து, அரை நாள் சம்பளம் என்று பேசிக் கூப்பிடுங்கள். மெயினை இறக்கி, பொருள்களின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு லைனின் பேஸையும் நியூட்ரலையும் எர்த்தோடு வைத்து அவர் சோதிக்கட்டும். கசியும் லைனை மட்டும் இரண்டு வயரையும் கழற்றித் தனியே விட்டுவிட்டு, மற்றவை ட்ரிப்பரோடு ஓடட்டும். அந்தப் பைப்பில் புது வயர் இழுப்பதை மழை விட்டபின் வைத்துக்கொள்ளலாம்.