கருவி சுமப்பவர்களும் தரவு கொணர்பவர்களும்

மானசகங்கோத்திரி வளாகத்தில் கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆய்வு மாணவர்களிடையே ஒரு பட்டியல் கைமாறத் தொடங்கும். இலண்டன், பாரிஸ், ஹாலே, கொழும்பு, ஜகார்த்தா என எங்கேனும் ஓர் ஆவணக்காப்பகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ செல்ல நல்கை கிடைத்த ஒருவர், முன்னரே சென்று திரும்பிய இன்னொருவரிடம் கேட்டுப் பெறும் பட்டியல் அது. ஃபுல் ஃபிரேம் கேமரா ஒன்று, லென்ஸ்கள் மூன்று, முக்காலி, ஃபிளாஷ், கனத்த மடிக்கணினி, டேப்லெட், முடிந்தால் ஒரு ட்ரோன். இவை அனைத்தின் விலையையும் கூட்டினால் ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உதவித்தொகை கரைந்துவிடும். விமானக் கட்டணத்தை வழங்கும் நல்கைகளுள் பல, கருவிக்கென ஒரு ரூபாயும் வழங்குவதில்லை. ஆகவே கடன் வாங்குகிறார்கள். வாங்க இயலாதவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்.

இந்தப் பட்டியலுக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். வெளிநாடு செல்லும் ஆய்வாளர் பெட்டியில் எதை அடுக்க வேண்டும் என்பது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று. அது ஆய்வுமுறை சார்ந்த கேள்வி. எந்த ஆவணத்தை, எந்த நோக்கத்துக்காக, எந்த விதிகளுக்கு உட்பட்டுப் படமெடுக்கப் போகிறோம் என்பதற்கு விடை தெரியாதவரை எந்தக் கருவியும் நமக்கு உதவாது.

வரலாற்றிலிருந்து ஒருவரைக் குறிப்பிடுகிறேன். லின்னேயஸ் டிரைப் என்ற கும்பினிப் படை அதிகாரி 1854ஆம் ஆண்டின் இறுதியில் நம் மைசூர்ப் பகுதியின் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மாவுக்குச் சென்று, சில வாரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட எதிர்ப்படிகளுடன் திரும்பினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அடுத்தடுத்து 21 படங்களாக எடுத்து, ஒட்டி இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். பெரிய கேமரா, தாள் எதிர்ப்படிகள், வேதிப்பொருள்கள் என அவர் ஒரு சுமையையே கொண்டு சென்றார். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆனால் தஞ்சையில் அவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். ஒரு படத்துக்குள் அடங்காத நெடிய கல்வெட்டை வாசிக்கத்தக்க வரிசையில் எப்படிப் பதிவது என்ற கேள்வி முதலில் வந்தது. 21 என்ற எண்ணிக்கை அதன் பின்னர் வந்தது. நம் பட்டியல்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இன்று நம் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் ஏறத்தாழ 4000 × 3000 புள்ளிகள் கொண்டது. ஏ4 அளவுள்ள ஒரு கடிதத்தை அது சட்டம் நிறையப் படமெடுத்தால் அங்குலத்துக்கு 340 புள்ளிகள் கிடைக்கும். ஆவணங்களை மின்மயமாக்குவோர் பொதுவாக எதிர்பார்க்கும் 300 புள்ளிகளைவிட இது மிகுதி. ஏ3 அளவுள்ள பதிவேட்டுத் தாளாயின் 240 புள்ளிகள். வாசிப்பதற்குப் போதுமானது, போதாதெனில் தாளை இரு பாதியாக எடுக்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஓலையை ஒரே படத்தில் அடக்கினால் 250 புள்ளிகள். இரு பாதியாக எடுத்தால் ஏறத்தாழ 500. எழுத்து மங்கலாக விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் கேமராவின் விலையன்று. கை அசைவு, ஒளிக் குறைவு, தாளுக்கு நேர்மேலே பிடிக்காமல் சாய்த்துப் பிடிப்பது ஆகிய மூன்றுமே. இவற்றுள் எதையும் புதிய லென்ஸ் சரிசெய்யாது.

அடுத்தது விதிகள். பிரிட்டிஷ் நூலகம் 2015 முதல் வாசகர்கள் தம் சொந்தக் கருவியால் படமெடுக்க இசைவளித்து வருகிறது. கியூவிலுள்ள பிரித்தானிய தேசிய ஆவணக்காப்பகத்திலும் கட்டணமின்றிப் படமெடுக்கலாம். ஆனால் இத்தகைய வாசிப்பறைகள் பெரும்பாலானவற்றில் ஃபிளாஷுக்குத் தடை. சொந்த முக்காலிக்கும் பொதுவாகத் தடை. பெங்களூரு விமான நிலையத்திலிருந்து சுமந்து சென்ற இரண்டு கிலோ முக்காலி, காப்பகத்தின் பொருள் வைப்பறையில் மூன்று வாரம் உறங்கிவிட்டுத் திரும்பும். ட்ரோனைப் பற்றி ஒரே சொல்: வெளிநாட்டிலிருந்து ட்ரோன் இறக்குமதி செய்வதை இந்திய அரசு 2022 பிப்ரவரியில் சில விலக்குகளுடன் தடை செய்தது. அங்கே மலிவாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித்தருபவர் உங்கள் நண்பர் அல்லர்.

கல்வெட்டு ஆய்வாளர்கள் இவ்விடத்தில் மறுப்புரைப்பார்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டையோ, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும் 1409ஆம் ஆண்டின் காலி மும்மொழிக் கல்வெட்டையோ கைப்பேசியில் எடுத்துவிட முடியுமா என்பார்கள். தேய்ந்த கல்லில் எழுத்தைப் புலப்படுத்துவது நிழல். கல்லின் முகத்துக்கு நேராக விழும் ஒளி எழுத்தை அழித்துவிடும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளி அதே எழுத்தை எழுப்பிக்காட்டும். ஆகவே அங்கே முதன்மைக் கருவி ஒரு நல்ல கைவிளக்கும் அதைப் பிடிக்க ஒரு துணையும் ஆகும். ஒளியின் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்கி வாசிக்கும் நுட்பத்துக்கும் வேண்டுவன அசையாது நிற்கும் ஒரு கேமரா, ஒரு விளக்கு, ஒளியின் திசையைக் கணிக்க உதவும் ஒரு கறுப்புப் பளபளப்பு மணி, இலவச மென்பொருள் ஆகியவையே. இங்கே முக்காலிக்கு நியாயம் உண்டு; அருங்காட்சியகத்திடம் முன்கூட்டியே எழுதி இசைவு பெற்றால் எடுத்துச் செல்லுங்கள். அந்த நியாயம் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஓவியங்களையும் நுண்சிற்பங்களையும் ஆராய்வோருக்கு உயர்தரக் கேமரா தேவை என்பதை மறுக்கவில்லை. நிறத்தைத் துல்லியமாகப் பதிய வேண்டியவருக்கு நல்ல சென்சாரும், அதைவிட மலிவான நிற அளவுகோல் அட்டையும் வேண்டும். நான் மறுப்பது, கடிதங்களையும் வரிப் பதிவேடுகளையும் வாசிக்கச் செல்பவரின் தலையிலும் அதே பட்டியலைச் சுமத்துவதை.

பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாதவை எவை? மின்னூட்டமும் சேமிப்பும் சட்டமும். நம் மூன்று முள் பிளக் பிரித்தானியச் செவ்வக முள் சாக்கெட்டிலோ ஐரோப்பாவின் இரு துளைச் சாக்கெட்டிலோ சேராது; சில நூறு ரூபாய் அடாப்டர் இல்லாமல் இலட்ச ரூபாய்க் கேமரா இரண்டாம் நாளே ஊமையாகிவிடும். உதிரி லித்தியம் பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்காக அனுப்பும் பெட்டியில் வைத்தால் பறிபோகும். 100 வாட்-மணி வரை தனி இசைவு வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி. விலையுயர்ந்த கருவியை எடுத்துச் செல்பவர், புறப்படும்போதே சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற்றுக்கொண்டால், திரும்பும்போது அதை அங்கே வாங்கவில்லை என்று வாதாட வேண்டியிராது.

சேமிப்பையும் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு 500 படங்கள், படத்துக்கு நான்கு எம்பி எனில் 20 நாளில் 40 ஜிபி; ஒரு மெமரி கார்டில் அடங்கும். அதையே 25 எம்பி ‘ரா’ வடிவில் எடுத்தால் 250 ஜிபி; விடுதியின் வைஃபையில் அதை மேகச் சேமிப்புக்கு ஏற்றி முடிவதற்குள் விசா முடிந்துவிடும். இரண்டு சிறிய எஸ்எஸ்டிகளை வாங்கி, ஒன்றைக் கைப்பையிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வையுங்கள். மூன்றாவது படி, இயன்ற அளவு, இணையத்தில் இருக்கட்டும்.

“எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, எதற்குப் படமெடுக்க வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் அதன் மின்மயச் சுவடிகள் பல மாதங்கள் எவருக்கும் எட்டவில்லை. அந்நாள்களில் ஆய்வேடு எழுதியவர்களைக் காத்தவை அவர்களே எடுத்து வைத்திருந்த, கலையழகற்ற கைப்பேசிப் படங்கள்.

இனி, நமக்குக் கசப்பான பகுதி. இவ்வளவு சுமந்து, இவ்வளவு செலவழித்துக் கொண்டுவரும் படங்கள் எங்கே போகின்றன? ‘புதிய கோப்புறை 3’ என்ற பெயரில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஆவண எண் இல்லை. தாள் எண் இல்லை. எடுத்த நாள் இல்லை. ஆய்வேடு முடிந்ததும் வட்டு பழுதாகிறது. அடுத்த மாணவர் அதே ஆவணத்துக்காக மீண்டும் நல்கை தேடி, மீண்டும் கடன்பட்டு, மீண்டும் பறக்கிறார்.

நம் ஊருக்கு மிக அருகிலுள்ள சான்றைப் பார்ப்போம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் நூலகம் கும்பினியின் கைக்குப் போயிற்று. அதன் விளக்க அட்டவணையைச் சார்லஸ் ஸ்டூவர்ட் 1809இல் அச்சில் வெளியிட்டார். அதே மைசூர் நாட்டை அளந்த காலின் மெக்கன்சியின் திரட்டுக்கு, அவர் மறைந்த ஏழாண்டுக்குள், 1828இல் எச். எச். வில்சன் அட்டவணை வெளியிட்டார். போர்க்கொள்ளைக்குப் பத்தாண்டில் அட்டவணை வந்தது. பொதுப் பணத்தில் சென்று நாமே எடுத்து வந்த படங்களுக்கு நாம் எத்தனை ஆண்டில் அட்டவணை வெளியிட்டிருக்கிறோம்? அவர்கள் அதிகாரத்துக்காகச் செய்தார்கள் என்பது உண்மை. நாம் அறிவுக்காகவும் செய்யவில்லை என்பதும் உண்மை.

கல்வெட்டு மைப்படிகளின் கதையும் நமக்குத் தெரியும். தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு 1966இல் மைசூருக்கு வந்தது முதல் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் இங்கே இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. படி எடுப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. எடுத்த படி வாசகரைச் சேர வேண்டும் என்பதற்காகவே அத்தனை ஆண்டுக் குரல்கள் எழுந்தன. அந்தக் குரலில் நம்முள் பலரும் சேர்ந்துகொண்டோம். அரசு நிறுவனத்திடம் கேட்கும் நேர்மையை நம் ஹார்ட் டிஸ்க்கிடமும் கேட்க வேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு துறையும் பொதுக் கருவிப்பை ஒன்றை வைத்திருக்கட்டும். ஒரு நடுத்தரக் கேமரா, கைவிளக்கு, நிற அட்டை, அளவுகோல், அடாப்டர்கள், இரண்டு எஸ்எஸ்டிகள் போதும். நூலகத்தில் நூல் எடுப்பதுபோல் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று திருப்பித் தரலாம். ஏழை மாணவரின் விண்ணப்பம் கேமரா விலையில் தடுக்கி விழும் நிலை ஒழியும்.

இரண்டு, நெறியாளர்கள் பயணத்துக்கு முன் மாணவரிடம் கேட்க வேண்டியது “என்ன கேமரா வைத்திருக்கிறாய்?” என்பதன்று. “எந்த ஆவண எண்கள்? அந்த அறையின் விதிகளைப் படித்தாயா? நாளொன்றுக்கு எத்தனை தாள்?” என்பவையே.

மூன்று, திரும்பி வந்த மூன்று மாதத்துக்குள் படங்களின் அட்டவணையைத் துறையில் ஒப்படைப்பது கட்டாயமாகட்டும். காப்பகத்தின் பெயர், ஆவண எண், தாள் எண், எடுத்த நாள், படக் கோப்பின் பெயர் ஆகிய ஐந்து நிரல்கள் போதும். பதிப்புரிமையும் காப்பக விதியும் படங்களைப் பொதுவில் வெளியிடத் தடுக்கலாம். எவை எவரிடம் உள்ளன என்ற அட்டவணையைப் பகிர எந்த விதியும் தடையன்று. ஒவ்வொரு நாள் மாலையும் அரை மணி நேரம் ஒதுக்கினால் அந்த அட்டவணை பயணத்திலேயே முடிந்துவிடும்.

இவ்வாண்டு புறப்படவிருக்கும் தம்பி தங்கையரே, தேவராஜ அரசு சாலைக் கடைகளுக்குப் போகுமுன் உங்கள் ஆவண எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் நிறைந்திருந்தால் உங்கள் கைப்பேசியோடு துணிந்து புறப்படலாம்.