கடுகு கால் பணம், கிட் முக்கால் பணம்!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஒரு பழமொழி உண்டு. இன்றைக்கு அதை யாராவது புதுப்பித்து எழுதினால், சுண்டைக்காய் இருந்த இடத்தில் கடுகு உட்கார்ந்திருக்கும்.

ஆன்லைன் கடைகளில் 'கீரை வளர்ப்பு கிட்' என்று தேடிப் பாருங்கள். அழகான அட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு பைகள், செங்கல் மாதிரி அழுத்திய தென்னை நார்க் கழிவு, கொஞ்சம் மண்புழு உரம், பொம்மை சைஸில் ஒரு மண்வெட்டி, அப்புறம் ஒரு சின்ன பொட்டலத்தில் கடுகு. பெட்டியின் மேல் ஆரோக்கியம், இயற்கை, நஞ்சில்லா உணவு என்று எல்லா நல்ல வார்த்தைகளும் இருக்கும். வாங்குகிறவர் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் அதே கடுகு ஏற்கெனவே இருக்கிறது என்ற ஒரு வரி மட்டும் எங்கேயும் இருக்காது.

ஒருவர் பொருளை விற்கிறார், இன்னொருவர் வாங்குகிறார், நடுவில் மற்றவர்களுக்கு என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிரச்சினை அந்தப் பெட்டி இல்லை. பெட்டியோடு சேர்த்து விற்கப்படும் ஒரு நம்பிக்கைதான் பிரச்சினை. 'வீட்டில் ஒரு கீரை வளர்க்கவே முதலீடு வேண்டும், சொந்த மாடி வேண்டும், நேரம் வேண்டும்' என்ற நம்பிக்கை. மாடிக்குப் போகும் கதவை வீட்டு ஓனர் பூட்டி வைத்திருக்கும் வாடகை வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, 'இதெல்லாம் வசதியானவர்கள் சமாச்சாரம்' என்று ஒதுங்கிவிடுகிறார். ஒரே ஒரு ஜன்னல் விளிம்பு போதும் என்பதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் விற்பவருக்கு என்ன லாபம்?

சரி, கணக்குக்கு வருவோம். கிட்டின் விலை 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு கீரை 20 ரூபாய். போட்ட காசை எடுக்க 30 கட்டு கீரை விளைய வேண்டும். இரண்டு பைகளில் மாதம் ஒரு கட்டு தேறினால் பெரிய விஷயம். கடுகு குளிர்காலப் பயிர். தமிழ்நாட்டுச் சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரை நான்கு மாதங்கள்தான் அதற்குச் சரியான பருவம். ஆக வருடத்துக்கு நான்கு கட்டு. முப்பதை நான்கால் வகுத்தால் ஏழரை. ஆமாம், ஏழரை வருடம்! சனி பகவான் பிடித்தாலும் அவ்வளவு காலம்தான். அதற்குள் வெயிலில் அந்தப் பை நைந்து கிழிந்திருக்கும். தேய்மானம் என்ற தலைப்பை முதலாண்டு அக்கவுண்டன்சியிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். விளம்பரம் எழுதுகிறவர்கள் அந்த வகுப்புக்குக் கட் அடித்துவிட்டார்கள் போல.

இப்போது அஞ்சறைப் பெட்டியின் கணக்கு. 100 கிராம் கடுகு 20 ரூபாய் என்றால், ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 4 கிராம், 80 பைசா. ஒரு கிராமில் ஏறத்தாழ 200 முதல் 400 விதைகள் இருக்கும். ஒரு டீஸ்பூனில் குறைந்தது எண்ணூறு செடிகள்! ஒரு தொட்டிக்குத் தேவை இருபதோ முப்பதோ. மீதியைத் தாளித்துவிடலாம்.

உடனே ஆட்சேபணைகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலாவது, "சமையல் கடுகு முளைக்காது." முளைக்கும். பெரும்பாலும் தாளிக்க வாங்கும் பழுப்புக் கடுகும், வட இந்தியாவில் கீரையாகச் சமைக்கும் கடுகும் பிராசிகா ஜன்சியா என்ற ஒரே இனம். மிகப் பழைய சரக்கு முளைக்காமல் போகலாம். அதற்கும் செலவில்லாத சோதனை உண்டு. 20 கடுகை எண்ணி ஈரத்துணியில் மடித்து வையுங்கள். மூன்று நாள் கழித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று பாருங்கள். பதினைந்து முளைத்தால் தாராளம். பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைத்த எல்லோருக்கும் தெரிந்த வேலைதான் இது.

இரண்டாவது, "விதைக்கென்று விற்பதுதான் பாதுகாப்பு." இங்கேதான் கவனம் தேவை. வயலுக்கென்று விற்கும் விதைகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள். அடையாளத்துக்குச் சாயமும் ஏற்றியிருப்பார்கள். அதை ஒரே வாரத்தில் முளைக் கீரையாகப் பறித்துத் தின்பது ஆபத்து. சமையல் கடுகு சாப்பிடுவதற்கென்றே விற்கப்படுவது. அகலமான இலை வேண்டும் என்றால் கீரைக்கென்றே தேர்ந்தெடுத்த ரகங்கள் நிச்சயம் மேல், மறுப்பதற்கில்லை. அதற்கும் ஒரு விதைப் பொட்டலம் போதும், பெட்டி வேண்டாம்.

மூன்றாவது, "சமையல் கடுகில் கலப்படம் இருக்குமே?" இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1998ல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பிரம்மதண்டு விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளை. கடுகு வழவழப்பு, உள்ளே மஞ்சள். அதனால் விதைக்கும் முன் ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். தப்பித்தவறி ஒன்று முளைத்தாலும், வெள்ளை நரம்போடிய முள் இலை அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பிடுங்கி எறியுங்கள். உண்மையில் இந்தப் பொறுக்கும் வேலையைத் தாளிப்பதற்கு முன்பும் செய்ய வேண்டும்!

வளர்ப்பதற்கு என்னதான் வேண்டும்? அடியில் ஓட்டை போட்ட பழைய எண்ணெய் கேன், ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணும் மக்கிய எருவும், தினம் நாலைந்து மணி நேர வெயில். மண்ணும் எருவும் நகரத்தில் காசுக்குத்தான் கிடைக்கும். அது நியாயமான செலவு, நர்சரியில் மூட்டையாகவே தருவார்கள். விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளில் முளைத்துவிடும். நெருக்கமாக வந்ததைக் கலைத்துப் பறித்து அப்போதே சமைக்கலாம். ஒரு மாதத்தில் வெளி இலைகளைக் கிள்ளத் தொடங்கி, நடுக்குருத்தை விட்டுவைத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும். வெயில் ஏறினால் செடி அவசரமாகப் பூத்து இலை கசந்துவிடும். கோடையில் தொட்டியை மூட்டை கட்டிவிட்டு, ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து ஜன்னலோரம் தூவினால் பத்து நாளைக்குள் முளைக் கீரை தயார். அதற்கு மண்கூட வேண்டாம்.

"கடுகுக் கீரையை யார் சாப்பிடுவார்கள்?" என்பது கடைசி ஆட்சேபணை. பஞ்சாப் சாப்பிடுகிறது, மக்காச்சோள ரொட்டியோடு. அஸ்ஸாமில் லாய் சாகம், மணிப்பூரில் ஹங்காம். நேபாளத்தில் அதைப் புளிக்க வைத்து, காய வைத்து, குந்த்ருக் என்று வருடம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். தினமும் கடுகில்லாமல் சட்டினிகூடத் தாளிக்காத தமிழ்நாடுதான் அதன் இலையைக் கண்டால் முகம் சுளிக்கிறது. காரமும் கசப்பும் தூக்கலாகத் தெரிந்தால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்துவிட்டு, சிறுகீரையோடு பாதிக்குப் பாதி கலந்து பாசிப்பருப்புக் கூட்டு வைக்கலாம். கடுகுக் கீரைக்குக் கடுகு தாளிப்பது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் ருசி!

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் பக்கத்துக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'இலவசக் கீரை' என்று மார்தட்டுகிறவர்கள் எழுதாமல் விடும் செலவு ஒன்று உண்டு. தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுவது யார்? பூச்சி பார்ப்பது, பறிப்பது, ஆய்வது யார்? கிட் வாங்கி போட்டோ எடுத்துப் போட்டவர் இரண்டாம் வாரமே மறந்துவிட, முக்கால்வாசி வீடுகளில் அந்த வேலை அம்மா தலையில் விழுகிறது. ஏற்கெனவே இருக்கும் பத்து வேலையோடு பதினொன்று. கூலி பூஜ்யம் என்பதால் செலவும் பூஜ்யம் என்று எழுதுவது கணக்கில்லை, மோசடி. எனவே விதி சிம்பிள். விதைத்தவரே தண்ணீர் ஊற்ற வேண்டும், முடியாதவர் கடையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். கீரைக்காரம்மாவும் பிழைக்க வேண்டும் அல்லவா?

கத்தரி, தக்காளி, அவரை என்று முழு மாடித் தோட்டம் போட நினைக்கிறவர்கள் தாராளமாக முதலீடு செய்யட்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கிட் கொடுத்தால் வரிசையில் நின்று வாங்கட்டும், தப்பே இல்லை. ஆனால் ஒரு ஸ்பூன் கடுகை முளைக்க வைக்க யாருக்கும் பெட்டி தேவையில்லை, மாடி தேவையில்லை, ஓனரின் அனுமதி தேவையில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். பர்ஸ் சிறுத்தாலும் கீரை வளரும்.

கார்ட்டில் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள்.