மாட்டின் குரலுக்கு ஒரு சொல் போதுமா?

ஆங்கிலத்தில் ‘லோ’ என்றால் ‘தாழ்ந்த’ என்பீர்கள். அதே எழுத்துகளில் இன்னொரு ‘லோ’ உண்டு. மாடு கத்துவதை அது குறிக்கும். இரண்டும் வெவ்வேறு வேரில் பிறந்தவை. காளையின் முழக்கத்தை ‘பெல்லோ’ என்பார்கள். தமிழிலும் பசு கதறும், எருது எக்காளமிடும் என்று மனப்பாடம் செய்கிறோம்.

இச்சொற்கள் மொழிக்கு அழகு. ஆனால் விலங்கை அறிந்துகொள்ள இவை போதுமா?

நாட்டிங்ஹாம், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுக்களின் குரலைப் பதிவு செய்து ஆராய்ந்து, 2014-இல் முடிவை அறிவித்தனர். கன்று அருகில் இருந்தால் தாய்ப்பசு மெல்லிய, தாழ்ந்த குரல் கொடுக்கிறது. கன்றைப் பிரித்தால், அதிர்வெண் மிகுந்த உரத்த குரலில் அழைக்கிறது. ஒவ்வொரு பசுவின் குரலும் தனித்தன்மை உடையது. ‘கதறும்’ என்ற ஒரே சொல்லில் இத்தனையும் அடங்குமா?

ஆகவே, சொல்லைப் படிப்பதோடு நிற்காமல் குரலையும் கேட்டுப் பழக வேண்டும் என்பது என் கருத்து. காங்கேயம் பக்கத்து மாணவர்களுக்கு இது எளிது. கிளுவை வேலியிட்ட மேய்ச்சல் காடுகளில் காங்கேயம் மாடுகள் மேய்கின்றன. நேரம், கன்று இருந்த இடம், கேட்ட ஒலி ஆகிய மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். மாடு வளர்க்கும் பெரியவர்களிடமும் கேளுங்கள். அகராதி தராத பொருளை அந்த நோட்டு தரும்.