ஏரி நிரம்பினால் மகிழ்ச்சியா, பயமா?

முட்டுக்காடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பவர்களிடம், கீழே ஓடும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 'கடலிலிருந்துதான்' என்று பதில் வரும். அது பாதிதான் சரி. மழைக்காலத்தில் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் பெய்த மழையும் அதில் கலந்திருக்கும்.

தாம்பரத்தில் விழும் மழைக்கு இரண்டு வழிகள். மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேர்கிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று ஏரி ஏரியாக இறங்கி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் கூடி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயைப் பிடித்து, கடைசியில் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. அத்தனை ஊர்த் தண்ணீருக்கும் கடலுக்குள் போக அந்த முகத்துவாரம்தான் முக்கியமான வாசல். அங்கே மணல் மேடிட்டாலோ, கடல் மட்டம் ஏறியிருந்தாலோ, பின்னால் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் வடிய நாள் கணக்காகும்.

இந்த ஏரிகளைத் தாங்கி நிற்பதெல்லாம் மண் கரைதான். மேட்டூர் மாதிரி கல்லும் கலவையுமாகக் கட்டியதல்ல. வண்டி போகவும் மாடு மேயவும் பழகிவிட்டதால், 'இது அணை' என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் உட்பட எல்லாமே மண் அணைகள்தான். மண் அணைக்கு முக்கியமாக ஒரு விஷயம் ஆகாது: தண்ணீர் அதன் தலைக்கு மேலே வழியக் கூடாது. கான்கிரீட் அணை என்றால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். மண் கரையிலோ வழியும் தண்ணீர் வெளிச்சரிவை அரித்துக்கொண்டே போய், சிறு ஓடையாக ஆரம்பித்து பெரிய உடைப்பில் முடியும். 1977 நவம்பரில் திண்டுக்கல் பக்கம் குடகனாறு அணை உடைந்தது இப்படித்தான். 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்துக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனதும் கனமழையில்தான்.

அதனால்தான் நம் முன்னோர் ஒவ்வொரு ஏரிக்கும் கரையைவிடத் தாழ்வாக ஒரு கலங்கல் வைத்தார்கள். மதகு பாசனத்துக்கு, கலங்கல் கரையைக் காப்பாற்ற. நிரம்பினால் தண்ணீர் தானாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விடும். இன்று பல இடங்களில் கலங்கல் இருக்கிறது, அதிலிருந்து போகிற கால்வாயைத்தான் காணோம்; அதன் மேல் ஒரு நகரே குடியிருக்கிறது. மதுராந்தகத்தில் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லியோனல் பிளேஸ், உடையப்போகும் கரையைப் பார்க்க மழை இரவில் போனபோது ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதாகச் சொல்வார்கள். 'ஏரி காத்த ராமர்' என்ற பெயரே அதிலிருந்து வந்தது. கதை எப்படியோ, மழை இரவில் கரைக்கு ஆள் போக வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

2015 டிசம்பர் முதல் நாள் மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. 3.645 டிஎம்சி கொள்ளும் செம்பரம்பாக்கம் அப்போதே ஏறக்குறைய நிரம்பியிருந்தது. அன்று காலையில் 1,000 கனஅடிக்கும் குறைவாகத் திறக்கப்பட்ட தண்ணீர், இரவுக்குள் 29,000 கனஅடி ஆனது. நொடிக்கு சுமார் 8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு நொடியும் 68 லாரி! அடையாற்றில் அதற்கு இடமில்லை. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே சொன்னது.

ஆனால் ஷட்டர் பக்கம் நிற்கும் பொறியாளரின் நிலையையும் யோசிக்க வேண்டும். முன்கூட்டியே திறந்துவிட்டு அப்புறம் மழை ஏமாற்றினால், கோடையில் குடத்தோடு நிற்கும் மக்கள் அவரைத்தான் கேட்பார்கள். 2019 ஜூனில் அதே செம்பரம்பாக்கம் வெடித்த தரையாகக் கிடந்ததே! குடிநீருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க அதே ஏரியில் காலி இடம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஏரியிடம் எதிர்பார்க்கும்போது, எந்த மாதத்தில் எத்தனை அடி என்று எழுதிவைத்த விதிதான் நடுவர். அந்த விதியை மீறி 'இன்னும் ஓர் அடி பார்க்கலாம்' என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

இந்தக் கேள்வி இப்போது கோவளத்துக்கே வந்திருக்கிறது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், திருப்போரூர் அருகே கோவளம் உபவடிநிலத்தில் 350 கோடி ரூபாயில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. 3,010 ஏக்கர், 1.6 டிஎம்சி. கணக்குப் போட்டால் சராசரி ஆழம் 12 அடிதான் வரும். கடலுக்குப் போகும் மழைநீரைப் பிடித்துக் குடிநீராக்குவது நல்ல யோசனை. ஆனால் அந்த இடம் உப்பும் நன்னீரும் கலந்து வாழும் கழிமுகப் பகுதி. நன்னீரைத் தேக்கினால் இறாலும் நண்டும் என்னாகும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். வெள்ளம் பரவி ஓய்வெடுக்கும் இடத்தில் கரை எழுப்பினால், மேலேயிருந்து வரும் தண்ணீருக்கு வழி குறுகுமா என்ற கேள்வியும் சேர்ந்தே நிற்கிறது. கழிமுகத்தை ஒட்டிக் கட்டும் கரைக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் என்பதையும் மறக்கக் கூடாது.

2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளைத்தான் பார்க்கிறது. 10 மீட்டரைத் தாண்டியவை சில நிபந்தனைகளோடு அதில் வரும். நம் தெருக்கோடி ஏரிகளில் பெரும்பாலானவை அந்த உயரத்துக்கு எட்டாதவை. அதனால் நடைப்பயிற்சிக்குக் கரைமேல் போகிறவர்களின் கண்ணும் தேவைப்படுகிறது. கரையின் அடியில் கசிவது தெளிந்த தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கலங்கலாக, மண்ணோடு வந்தால் உள்ளே கரை அரிபடுகிறது என்று அர்த்தம். புதிதாக விரிசல், ஓரிடத்தில் மட்டும் கரை இறங்கியிருப்பது, எலிவளை, நண்டுவளை... எதைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்து, நீர்வளத் துறை அலுவலகத்துக்கோ மாநகராட்சிக்கோ அன்றே சொல்லிவிடுங்கள். மழை விட்டபிறகு சொல்லலாம் என்று வைத்திருக்க வேண்டாம்.