உறையில் அச்சிடப்படாத பெயர்

பத்திரிகைக் காரியாலயங்களில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு ‘நமது நிருபரை’ நன்கு தெரியும். தமிழ்ப் பத்திரிகை உலகில் அவரளவுக்கு எழுதிக் குவித்தவர் வேறெவரும் இலர். பாராளுமன்றத்திலும் இருப்பார், நீதிமன்றத்திலும் இருப்பார், வெள்ளம் புகுந்த கிராமத்திலும் இருப்பார். அவருக்கு முகம் கிடையாது. நானும் பல காலம் அவராக இருந்திருக்கிறேன். எங்கள் நாட்டில் பெயரின்மை சில வேளைகளில் உயிர்க்கவசமாகவும் இருந்ததுண்டு என்பதால் அதுபற்றி நான் முறையிடப்போவதில்லை. ஆனால், எந்த ஆபத்தும் இல்லாத இடத்தில், வெறும் வியாபாரத்துக்காகவும் அலட்சியத்தினாலும் ஒருவரின் பெயர் விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க இசையுலகில் ஓர் உதாரணம் உண்டு. அவர் பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

1936 ஆம் ஆண்டில் தென் கரோலினா மாநிலத்தின் எடிஸ்டோ தீவில் பிறந்த ஜேமர்சன், 1954 இல் தாயாருடன் டெட்ரொயிட் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு பாடசாலையில் பெரிய டபிள் பேஸ் வாத்தியத்தைப் பயின்று, இரவு விடுதிகளில் ஜாஸ் இசைத்து வந்தார். 1959 இல் பெரி கோர்டி என்பவர் அந்நகரின் மேற்கு கிராண்ட் பொலிவாட் வீதியிலுள்ள ஒரு வீட்டில் மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பனியை நடத்தத் தொடங்கினார். அங்கிருந்த சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் நிரந்தரமாக வாசித்த குழுவுக்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். அதன் பேஸ் கிற்றார்க் கலைஞர் ஜேமர்சன்.

பேஸ் கிற்றார் நான்கு தடித்த தந்திகளைக் கொண்ட, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வாத்தியம். தாளத்துக்கும் பாடகரின் மெட்டுக்கும் இடையில் நின்று இரண்டையும் பிணைப்பது அதன் வேலை. கேட்பவர் அதைத் தனியே கவனிப்பதில்லை. நிறுத்திவிட்டால் மட்டும் பாடல் வெறுமையாகிவிட்டதை உணர்வார். ஜேமர்சனுக்கு முன்னர் ஜனரஞ்சகப் பாடல்களில் பேஸ் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஓரிரு அடிப்படைச் சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டி வந்தனர். அவரோ ஜாஸ் பயிற்சியின் துணையோடு, இடைச் சுரங்களையும் எதிர்பாராத தாள இடைவெளிகளையும் நுழைத்து, பாடலுக்கு அடியில் இன்னொரு மெட்டையே ஓடவிட்டார். அதுவும் வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினால் மாத்திரம். கிற்றாரின் தந்திகளை, அறுந்தாலொழிய அவர் மாற்றுவதில்லை என்பதும் பிரசித்தம்.

டெம்டேஷன்ஸ் குழுவினரின் ‘மை கேர்ள்’ பாடல் தொடங்கும்போது இதயத் துடிப்புப் போல் கேட்பது அவருடைய தந்திதான். சுப்ரீம்ஸ், ஃபோர் டொப்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கேய் என்று அந்தக் கம்பனியின் புகழ்பெற்ற பாடகர்கள் அனைவருக்கும் அவர் வாசித்தார். அறுபதுகளின் மோட்டவுன் பாடல்களை வானொலியில் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், தாம் அறியாமலே ஜேமர்சனின் ரசிகர்களாக இருந்தவர்கள். அறிவிப்பாளர் பாடகரின் பெயரைச் சொல்வார். வாசித்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது; அவர் கையிலிருந்த இசைத்தட்டில் அது அச்சிடப்பட்டிருக்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி தமது வாசிப்பில் ஜேமர்சனின் செல்வாக்கு உண்டென்று பகிரங்கமாகக் கூறியவர். தாம் வியந்து கேட்ட அந்தக் கலைஞரின் பெயர் வெகுகாலம் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

1971 இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ இசைத்தொகுப்பின் உறையிலேயே, மோட்டவுன் வாத்தியக் கலைஞர்களின் பெயர்கள் முறையாக அச்சேறின. ஜேமர்சன் அங்கு பணியாற்றத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த ஆண்டே கம்பனி லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு இடம் மாறியது. அவரும் பின்தொடர்ந்து சென்றார். ஆனால் அங்கு காலம் மாறியிருந்தது, வாய்ப்புகள் அருகின, மது அவரை அழித்தது. 1983 மார்ச்சில் பசடீனா நகரில் கம்பனியின் வெள்ளிவிழா நிகழ்ச்சி தொலைக்காட்சிக்காகப் பதிவுசெய்யப்பட்டபோது அவருக்கு அழைப்பில்லை. வெளியில் டிக்கெட் வாங்கி, பின்வரிசையில் பார்வையாளராக அமர்ந்திருந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி காலமானார். வயது 47.

கௌரவங்கள் எல்லாம் பிறகு வந்தன. 1989 இல் அவரைப் பற்றி நூல் வெளியானது. 2000 ஆம் ஆண்டில் ரொக் அண்ட் றோல் புகழ் மண்டபத்தில் பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென்று முதன்முதலாகத் திறக்கப்பட்ட பிரிவில் இடமளித்தனர். 2002 இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் திரைக்கு வந்தது. இறந்தவருக்கு மாலை சூட்டுவதில் எந்த நாட்டவரும் எங்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

இதனை ஒரு தனிமனிதரின் சோகக் கதையாக மட்டும் வாசித்துவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயரை அச்சிடுவது உபசாரமல்ல, ஆவணம் என்பதே எனது கட்சி. ஆவணம் இல்லாத இடத்தில் சர்ச்சைதான் மிஞ்சும். லொஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 10,000 ஒலிப்பதிவுகளில் பங்குபற்றியதாகக் கூறப்படும் பேஸ் கலைஞர் கரோல் கேய் அம்மையார், ஜேமர்சனுடையவை என்று கருதப்படும் சில மோட்டவுன் பாடல்களைத் தாமே வாசித்ததாகக் கூறி வந்தார். ஜேமர்சனின் சகாக்களும் அவரைப் பற்றி நூல் எழுதியவரும் அதை மறுத்தனர். இருவரும் மேதைகளே. ஒரு சிட்டையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் இந்த வாக்குவாதமே எழுந்திராது.

கேய் அம்மையார் 2025 இல் அதே புகழ் மண்டபத்தின் கௌரவத்தை ஏற்க மறுத்துவிட்டார். ஒலிப்பதிவுக்கூட இசை குழுவாகச் செய்யும் வேலை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. மதிக்கத்தக்க நிலைப்பாடுதான். ஆனால், குழு வேலை என்பதற்காகப் பெயர்களை விட்டுவிடவேண்டும் என்று அர்த்தமாகாது. குழுவிலுள்ள அனைவரின் பெயரையும் போடவேண்டும் என்பதே அர்த்தம்.

பெயரோடு சோறும் தொடர்புடையது. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாடல் ஒலித்தால் அதை இயற்றியவர் தரப்புக்குப் பணம் உண்டு, வாசித்தவருக்கு இல்லை. செய்மதி வானொலி, இணைய வானொலி ஆகியவற்றின் வருமானத்தில் மட்டும், 1995 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியே, முன்னணியில் இல்லாத வாத்தியக் கலைஞர்களுக்கு 2.5 சதவீதம் ஒதுக்கப்படுகிறது. 1972 பெப்ரவரி 15 க்கு முந்திய ஒலிப்பதிவுகள் 2018 இல்தான் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. ஜேமர்சனின் தலைசிறந்த வாசிப்புகள் ஏறத்தாழ அனைத்தும் அத்திகதிக்கு முந்தியவை. சரி, இப்பொழுது பணம் ஒதுக்கியாயிற்று. யாருக்குக் கொடுப்பது? வாசித்தவர் யாரென்று தெரிந்தால் அல்லவா கொடுக்கலாம்! அன்று விடுபட்ட ஒரு வரி, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பிள்ளைகளின் கைக்கு வரவேண்டியதைத் தடுக்கவல்லது.

சின்னஞ்சிறு இசைத்தட்டில் இடமில்லை என்று அந்நாளில் சாக்குச் சொல்ல முடிந்தது. இணையத்தில் பாடல் கேட்கும் இந்நாளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. இருந்தும் பல பாடல்களின் விபரப் பக்கத்தில் பாடகர், இசையமைப்பாளர், தயாரிப்பாளர் ஆகியோரோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. சம்பளப் பட்டியலில் எழுதத் தெரிந்த பெயரை இங்கு எழுதத் தெரியாமற் போவது எப்படி?

அடுத்த முறை ‘மை கேர்ள்’ பாடலைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், பாடுபவர் வாய் திறப்பதற்கு முந்திய அந்தச் சில விநாடிகளைக் கவனித்துக் கேளுங்கள். அங்கே பேசுபவர் ‘நமது நிருபர்’ அல்லர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது.